பொங்கலன்று அவிழ்த்த துலா

கிணற்றுத் துலாவின் தலை மேலே நிற்கிறதா, கீழே கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மகாதேவி முகம் கழுவுவாள். இந்தப் பழக்கம் பிறவியில் வந்ததல்ல. அச்சுவேலிக்கு வடக்கே பனங்கூடலையும் தோட்டங்களையும் மட்டமாக்கி, ஆகாசப் பட்டாளத்தார் தங்கள் விமானங்கள் ஏறி இறங்கத் திடல் அமைத்தார்களே, அந்த வருடம் வந்தது. திருக்கோணமலையில் யப்பான்காரனின் குண்டு விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

மகாதேவி உடுப்பிட்டியில் பிறந்தவள். அச்சுவேலித் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளையின் மகன் தம்பிஐயாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, நகையோடும் பாத்திரத்தோடும் ஒரு பனைமரமும் அவளுடன் வந்தது. தகப்பன் தன் வளவில் நின்ற வைரமேறிய ஆண்பனையைத் தறித்துச் செதுக்கி, இரண்டு வண்டில்களைத் தொடுத்து ஏற்றி அனுப்பிய மரம். ஆழ்வாப்பிள்ளையின் கிணற்றில் அது துலாவாக ஏறியது. அயலில் அப்படி நேரான துலா வேறில்லை. "மருமகள் வளைஞ்சாலும் வளைவாள், துலா வளையாது" என்று கிழவர் கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மருமகள் அதைக் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்ததை ஒருவரும் கண்டதில்லை.

துலா மிதிக்கிறவன் தம்பிஐயா. கிணற்றடியில் நட்ட இரண்டு கால்களுக்கு நடுவே தராசுக்கோல் போல ஆடும் அந்த நீண்ட மரத்தில் அவன் முன்னே நடந்தால் தலை கிணற்றுக்குத் தாழும்; பின்னே நடந்தால் தண்ணீரோடு தலை எழும். ஆழ்வாப்பிள்ளை கிணற்று வாயில் நின்று, தலையிலிருந்து தொங்கும் கயிற்றுக் கொடியைப் பிடித்து வாளியைக் கவிழ்ப்பார். மகாதேவி மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவாள். மூன்று பேர், ஒரு கிணறு, ஒரு புகையிலைத் தோட்டம். அந்தக் குடும்பத்தின் உலகம் அவ்வளவுதான். ஒருவரும் மிதிக்காத வேளையில் துலாவின் அடி தன் பாரத்தால் நிலத்தில் குந்திவிடும். தலை வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். அது எல்லாத் துலாவுக்கும் உள்ள குணம். அந்தக் குணமே வினையாக வந்தது.

ஒருநாட் காலை துலாக்காலில் சிவப்பு மை பூசியிருந்தது.

மகாதேவிதான் முதலில் கண்டாள். முந்திய கிழமை வடக்குப் பக்கத்துப் பனைகளில் இதே சிவப்பைப் பூசினார்கள். மறுநாளே கோடரிக்காரர் வந்தார்கள். விமானம் இறங்கும் வழியில் உயரமாக எது நின்றாலும் அதற்குச் சிவப்பு.

வெயில் ஏறுமுன் ஜீப் வந்தது. காக்கிச் சட்டைத் துரை ஒருவர் இறங்கினார். கூடவே மொழிபெயர்க்கும் யாகோப்பு. யாழ்ப்பாணப் பட்டணத்துப் பொடியன். தொப்பி பெரிது, குரல் மெல்லிது.

"அப்பு, துலாவை இறக்கிப்போட வேணுமாம்" என்றான் யாகோப்பு.

ஆழ்வாப்பிள்ளை சால்வையை உதறித் தோளில் போட்டார். "தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். காலாட்பட்டாளம் எண்டால் நிலத்தைப் பிடிக்கும். கப்பற்பட்டாளம் எண்டால் கடலைப் பிடிக்கும். உவங்கள் ஆகாசத்தைப் பிடிச்சு என்ன செய்யப்போறாங்கள்? புகையிலை நடப்போறாங்களோ?"

யாகோப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரை என்னவென்று கேட்டார். அவன் சொன்னான். துரையும் வாயோரத்தில் சிரித்துவிட்டு நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"பிடிக்கிறதில்லை அப்பு, பாக்கிறது" என்றான் யாகோப்பு. "குண்டு போடுற பிளேனும் இருக்கு, சண்டை பிடிக்கிற பிளேனும் இருக்கு. ஆனால் இஞ்சையிருந்து போறதுகளின்ரை வேலை பாக்கிறதுதான். விடியமுந்திப் போய்க் கடலுக்கு மேலை சுத்திச் சுத்திப் பாக்கும். எங்கை கப்பல் நிக்குது, ஆரின்ரை கப்பல், எந்தப் பக்கம் போகுது. கண்டதை வந்து சொல்ல வேணும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது. திருக்கோணமலையிலை குண்டு விழமுந்தி, எதிரி வாறான் எண்டு கடலிலை கண்டு சொன்னதும் ஒரு பிளேன்தானே. சொல்லியிராட்டில் துறைமுகத்திலை நிண்ட கப்பலெல்லாம் அங்கையே மூழ்கியிருக்கும்."

"பாக்கிறதுக்கு ஒரு பட்டாளமோ!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

வேலியோரம் நின்ற மகாதேவிக்கு அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்தது. பார்ப்பதும் ஒரு வேலைதானா? பிறந்த நாளிலிருந்து அவள் செய்துவந்தது அதுதானே.

தம்பிஐயா கையைப் பிசைந்தான். "தம்பி, கன்று நட்டு இப்பதான் வேர் பிடிக்குது. மழையும் விட்டிட்டுது. துலா இல்லாட்டில் தோட்டம் கருகிப்போகும். துரையிட்டை வடிவாச் சொல்லும்."

யாகோப்பு சொன்னான். துரை தலையை ஆட்டினார். சம்மதிக்கிற ஆட்டல் அல்ல. கையை நீட்டித் துலாவின் தலையைக் காட்டி, கையை விமானம்போல் தாழ்த்திக்கொண்டு வந்து அதிலே முட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அப்போது மகாதேவி வேலியோரத்தை விட்டு நடந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தொங்கிய கொடியை எட்டிப் பிடித்தாள். முழுப் பாரத்தையும் கொடுத்துக் கீழே இழுத்தாள். அடி மெல்ல எழும்ப, வானத்தில் நின்ற தலை இறங்கி இறங்கிக் கிணற்றுக்கட்டின் மட்டத்துக்கு வந்தது. கொடியைப் பக்கத்துப் பூவரசங்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். அதே தலைகுனிவோடு திரும்பிவந்து வேலியோரத்தில் நின்றுகொண்டாள்.

துரை துலாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்பு யாகோப்பிடம் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

இறைக்காத நேரமெல்லாம் துலா கட்டியே இருக்கவேண்டும். இறைக்கும்போது விமானச் சத்தம் கேட்டால் அந்தக் கணமே தாழ்த்திவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் துலா இறங்கும். அதற்குமேல் கதையில்லை.

அன்று தொடங்கியது அவளுடைய புதிய வேலை. கண் பாத்தியில், காது வானத்தில். சில நாளிலே அவளுக்கு விமானங்களின் சத்தம் பிடிபட்டுவிட்டது. இரண்டு பெண்கள் ஓர் உரலில் மாறிமாறி உலக்கை போடுவது போல அந்த இரட்டை எஞ்சின்களின் சத்தம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும். காற்று எந்தப் பக்கம் இருந்தாலும், தம்பிஐயாவுக்குக் கேட்க முன்னரே அவளுக்குக் கேட்டுவிடும்.

"இறங்குங்கோ! வருது, இறங்குங்கோ!"

அவள் குரல் நாலு தோட்டம் தாண்டிப் போகும். தம்பிஐயா தலைப்பக்கம் நடந்து துலாவைத் தாழ்த்திவிட்டுக் குதிப்பான். கிழவர் கொடியைக் கட்டையில் மாட்டுவார். விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு போகும். மூவரும் மூச்சுப் பிடித்து நிற்பார்கள்.

அடுத்த தோட்டத்துத் தங்கமுத்துவுக்கு இதெல்லாம் கூத்தாயிருந்தது. "மகாதேவிக்கும் தொண்டை இருக்கெண்டு வெள்ளைக்காரன் வந்தல்லோ எங்களுக்குக் காட்டிறான்" என்பாள் வேலிக்கு மேலால். "எடியே, புருஷனை இறங்கு இறங்கெண்டு உப்பிடி வெருட்டினால், நாளைக்குத் துலாவிலை ஏறவே பயப்பிடப்போறார்."

மகாதேவி சிரித்துவிட்டுப் பாத்தியைப் பார்ப்பாள். உள்ளுக்குள் சிரிப்பில்லை. இரவிலே எழும்பிப்போய்க் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் தோட்டம் போயிற்று. அதுமட்டுமா, மேலே இருக்கிறவனின் உயிரும் போயிற்று. எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ. அவன் முகத்தை அவள் கண்டதில்லை. ஆனாலும் அவனுடைய போக்கும் வரவும் அவளுக்குத் தெரியும்.

துரைமாரின் கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தார் வந்தது. அன்று பகல் முழுவதும் ஊராருக்கு வானத்தில் சத்தம் கேட்கவில்லை. திடல் பக்கமிருந்து பாட்டும் கூச்சலும் கேட்டன. ஊரார் அதைக் கவனித்தார்கள். துரைமாருக்கும் பெருநாளென்றால் பெருநாள்தான் என்று சந்தியில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த ஆழ்வாப்பிள்ளையின் மனத்தில் ஓர் எண்ணம் முளைத்துவிட்டது.

அந்த வீட்டிலே பரம்பரையாக ஒரு முறை உண்டு. தைப்பொங்கலன்று இறைப்பு இல்லை. முதல்நாள் மாலையே துலாவைக் கழுவித் திருநீறும் சந்தனமும் பூசுவார்கள். கொடியையும் வாளியையும் மேலே சுருட்டித் தலையோடு வைத்து மாவிலை கட்டுவார்கள். பிறகு தலையை நிமிர்ந்து நிற்கவிடுவார்கள். சூரியன் எழும்பும்போது துலாவும் தலை தூக்கி நின்று கும்பிட வேண்டும். கட்டின மாட்டையும் கட்டின துலாவையும் வைத்துக்கொண்டு பொங்கினால் அந்த வருடம் கிணறு ஊறாது என்பது கிழவரின் தகப்பன் காலத்துச் சொல்.

பொங்கலுக்கு முதல்நாள் மாலை அவர் மகனிடம் சொன்னார்: "ஏறிக் கொடியைச் சுருட்டிக் கட்டு. நாளைக்குத் துலா நிமிர வேணும்."

தம்பிஐயா தயங்கினான். "அப்பு, துரை சொன்னது..."

"துரை சொன்னது மற்ற நாளுக்கு. நாளைக்கு அரசாங்கக் கச்சேரி பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு, சந்தை பூட்டு. உவங்கள் மட்டும் பறப்பாங்களே? தங்கடை நத்தாருக்கு ஒரு ஈ பறந்ததோ? மற்றவன்ரை பெருநாள் உவங்களுக்குத் தெரியாதே?"

மகாதேவி கதவடியில் நின்றாள். கடைசியில் சொன்னாள்.

"மாமா, நத்தாரண்டும் விடியப்புறம் ஒண்டு போனது. நான் கேட்டனான்."

"அது கனவு, பிள்ளை."

"இல்லை மாமா..."

"பிள்ளை, உனக்கு இப்ப அரிசி புடைச்சாலும் ஆகாயக் கப்பல் சத்தந்தான் கேக்குது. போ, போய்ச் சர்க்கரையைச் சீவு."

தம்பிஐயா மனைவியின் முகத்தைப் பார்த்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான். இரண்டில் எது பெரியதோ அதற்குப் பணிந்து ஏறிக் கொடியைச் சுருட்டினான்.

விடியுமுன் மகாதேவி முற்றத்தைச் சாணியால் மெழுகிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வடக்கே எஞ்சின் உறுமியது. உரலும் இரண்டு உலக்கையுமாக அது இருட்டுக்குள் எழும்பிக் கடல் பக்கம் போயிற்று. கோலமாவோடு அவள் கை நின்றது.

கிணற்றடித் தொட்டியில் நேற்று இறைத்து வைத்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்த கணவனிடம் ஓடினாள். "இஞ்சாருங்கோ, ஒண்டு போயிட்டுது. போனது திரும்பி வருமெல்லோ? துலாவைக் கட்டிவிடுங்கோ."

"கேட்டது. போனால் மத்தியானம் திரும்பித்தானே வாறது" என்றான் அவன். "அதுக்குள்ளை பொங்கிப் படைச்சு முடிஞ்சிடும். நான் ஏறிக் கட்டிவிடுறன். இப்ப அப்புவோடை கொழுவ வேண்டாம், நல்லநாளிலை."

அது நியாயமான கணக்குத்தான். இதுவரை ஒருநாளும் மத்தியானத்துக்கு முன் அவை திரும்பியதில்லை. மகாதேவி மனத்தைக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

அன்று பனி கொட்டியது. தைப்பனி தரையைக் கவ்விக்கொண்டு கிடந்தது. ஊரில் எல்லா முற்றத்திலும் மூட்டிய பொங்கலடுப்புப் புகையும் மேலே போக வழியில்லாமல் அதோடு கலந்து நின்றது. வேலிக்கு அப்பால் தங்கமுத்துவின் வீடு தெரியவில்லை. கிழக்கே சூரியன் வெறும் மஞ்சள் கறையாக இருந்தான். பால் விட்ட பானையின் விளிம்பில் நுரை கூடத் தொடங்கியது. யுத்த காலத்தில் சீனவெடி கிடைப்பது அருமை. ஆழ்வாப்பிள்ளை முன்னெப்போதோ வாங்கிய கட்டொன்றை மிளகாய்ப் பானைக்குள் ஈரம்படாமல் வைத்திருந்தார். பால் பொங்கும் கணத்தில் கொளுத்த அதை எடுத்துக்கொண்டு தம்பிஐயா தெருவாசல் படலைக்குப் போனான்.

அப்போது அவளுக்குக் கேட்டது.

கேட்டது சரியான சத்தமல்ல. ஓர் உலக்கைதான் விழுந்தது. மற்றதன் இடத்தில் ஓட்டை. ஒற்றை உலக்கை இடித்தும் இடறியும், தாழ்ந்தும், வடகிழக்கே கடற்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஓர் எஞ்சின் நின்ற விமானம் நொண்டி நொண்டி நேரத்துக்கு முன்னரே வீடு திரும்புகிறது. இந்தப் பனிக்குள் திடலைத் தேடி வழமையிலும் தாழ்ந்து வருகிறது.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள். அயல்வீட்டில் பால் பொங்கிவிட்டது. படபடவென்று அங்கே வெடி தொடங்கியது. அவள் குரல் அதற்குள் செத்துப்போயிற்று. படலையடியில் தம்பிஐயா திரும்பிப் பார்க்கவில்லை.

நுரை பானையின் கழுத்துக்கு ஏறியது. பொங்க முன் அடுப்பை விட்டுப் போவது வீட்டுக்கு ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

அகப்பையைக் கீழே போட்டாள்.

"பிள்ளை! பொங்கமுந்தி எங்கை ஓடுறாய்?" கிழவர் கை இரண்டையும் விரித்துக்கொண்டு எழும்பினார். "விசரே உனக்கு?"

பின்வேலி இடைவெளியால் புகுந்து, ஒழுங்கைப் பாதையைக் கடந்து தோட்டத்துக்குள் விழுந்து ஓடினாள். புகையிலைக் கன்றுகள் காலில் மிதிபட்டன. கிணற்றடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். எட்டிப் பிடிக்கக் கொடி இல்லை. நேற்று மாலை சுருட்டிக் கட்டிய கொடி, மாவிலைக்குள் மறைந்து, துலாவின் தலையோடு மேலே பனிக்குள் இருந்தது.

நிலத்தில் நின்று ஒன்றும் செய்ய ஏலாது. அதைத் தாழ்த்த ஒரே வழி, ஆள் ஏறித் தலைப்பக்கம் நடப்பது.

அந்த ஊரில் பெண்கள் துலாவில் கால் வைப்பதில்லை. துலா மரத்தைக் கடந்து போவதென்றாலும் சுற்றித்தான் போவார்கள். மகாதேவி சேலையை வரிந்து கட்டினாள். நிலத்தில் குந்தியிருந்த அடியில் வலக்காலை வைத்தாள்.

பனி விழுந்த மரம் எண்ணெய் தடவியது போல வழுக்கியது. மிதிப்பவனின் காலுக்காகச் செதுக்கிய படிகள் அவள் காலுக்கு எட்டி எட்டி இருந்தன. பக்கத்தில் பிடிக்கக் கட்டிய மூங்கிலைப் பற்றிக்கொண்டு ஏறினாள். ஒற்றை உலக்கை இப்போது காதுக்குள் விழுந்தது. அச்சைத் தாண்டினாள். துலா அசையவில்லை. அவள் பாரம் போதவில்லை. இன்னும் போக வேண்டும். மூங்கில் அந்த இடத்தோடு முடிந்தது.

குந்தினாள். மரத்தை இரண்டு தொடையாலும் இறுக்கிக்கொண்டு கையால் இழுத்து இழுத்து நகர்ந்தாள். இன்னும் ஒரு முழம். இன்னும் ஒன்று. பின்னால் அடி நிலத்தை விட்டது. அவளுக்குக் கீழே மரம் மூச்சு விடுவது போல ஓர் அசைவு. பிறகு தலை தாழத் தொடங்கியது. தாழத் தாழக் கிணற்றின் கறுத்த வாய் அவளை நோக்கி ஏறி வந்தது. அவள் நகர்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பவும் எழும்பிவிடும்.

மாவிலை கிணற்றுக்கட்டில் உரசிய அந்த நேரம் பனி கிழிந்தது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மரத்தோடு மரமாக ஒட்டிக் கிடந்தாள். முதுகுக்கு மேலே ஒரு நிழல், ஒரு சூடு, எண்ணெய் மணம். காற்று அவள் கொண்டையைக் குலைத்தது. கீழே கிணற்றுத் தண்ணீர் நடுங்கிச் சுருங்கியது. ஒரு கணந்தான். இரைச்சல் வடமேற்கே திடல் பக்கம் ஓடிப் பனிக்குள் புகுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய பயம். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். முட்டுகிற சத்தம் வருமோ, வெடிக்கிற சத்தம் வருமோ? தரையில் சில்லுகள் தேயும் கீச்சுக் கேட்டது. எஞ்சின் இருமி அடங்கியது. வேறொன்றும் இல்லை.

இறங்கிவிட்டான்.

அவளால் இறங்க முடியவில்லை. பின்னே நகர்ந்தால் தலை எழும்பும். முன்னே போனால் கிணறு. இன்னொன்று வந்தாலோ என்ற பயத்தில் அப்படியே கிடந்தாள். ஓடிவந்த தம்பிஐயா அவளை அந்தக் கோலத்தில் கண்டு, துலாவின் தலையைப் பிடித்துக் கயிற்றால் கட்டையோடு கட்டினான். பிறகு அவளை இறக்கினான்.

மருமகளுக்குப் பின்னால் ஒழுங்கை வரை ஓடித் திரும்பிய ஆழ்வாப்பிள்ளை முற்றத்தில் பொங்கி வழிந்த பானைக்கு முன் நின்றார். "எந்தப் பக்கம் பொங்கினது? ஆர் கண்டது?" என்று கேட்டார். படலையடியில் புதினம் பார்க்க வந்த தங்கமுத்து சொன்னாள்: "உங்கடை நாய் கண்டது, அம்மான். கேளுங்கோவன்."

மத்தியானம் ஜீப் வந்தது.

துரையின் முகத்தில் காலையில் பட்ட கலக்கம் இன்னும் கிடந்தது. துலாவின் தலை கட்டையோடு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். யாகோப்பு கதைத்தான்.

"அப்பு, காலமை துலா கட்டியிருந்ததோ எண்டு கேக்கிறார்."

"ஓம், கட்டியிருந்தது" என்றார் ஆழ்வாப்பிள்ளை. கண் இமைக்கவில்லை. "அந்தா, பாருங்கோவன்."

"ஓம், கட்டியிருந்தது" என்றான் தம்பிஐயாவும், நிலத்தைப் பார்த்தபடி.

யாகோப்பு பெருமூச்சு விட்டான். "அப்ப சரி. துரையும் அப்பிடித்தான் நினைச்சவர். அந்த விமானமோட்டிப் பொடியன் ஒரு கதை சொல்லுறான். பனிக்குள்ளாலை ஒரு பெரிய மரம் தலையைத் தூக்கி நிண்டதாம். முட்டப்போறன் எண்டு நினைக்க, அது தானாய்த் தலை குனிஞ்சு வழி விட்டதாம். கேட்டவங்கள் எல்லாரும் சிரிக்கிறாங்கள். அவனுக்குக் கண் பிசகிப்போச்சுது, பயத்திலை இல்லாததைக் காணுறான் எண்டு சொல்லுறாங்கள். இனி அவனைப் பாக்க அனுப்பேலாதாம். இல்லாததைக் கண்டவன் நாளைக்குக் கடலிலை இல்லாத கப்பலையும் காண்பான். இருக்கிறதை விட்டிட்டும் வருவான். துலா கட்டியிருந்ததெண்டால் அவன் சொன்னது பிழைதானே."

துரை ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

மகாதேவி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடுப்பிட்டி வளவில் நின்ற ஆண்பனை நினைவு வந்தது. வேர் பிடித்துத் தலை நிமிர்ந்த கன்றுகள் நினைவு வந்தன. பேசாமல் நின்றால் எல்லாம் தப்பும். பேசாமல் நிற்பது அவளுக்குக் கைவந்த வித்தை. ஆனால் கண்டதைக் கண்டபடி வந்து சொன்ன ஒருவனை, காணவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்.

"தம்பி" என்றாள். நாலு ஆண்களும் திரும்பினார்கள். "அந்தப் பிள்ளை கண்டது சரி. கட்டேல்லை."

"மகாதேவி!" என்றான் தம்பிஐயா.

"நிமிர்ந்துதான் நிண்டது. பொங்கலுக்கெண்டு அவிட்டுவிட்டது. நான் ஏறித் தாழ்த்தினனான். அவருக்குக் கண் பிழையில்லை எண்டு துரையிட்டைச் சொல்லுங்கோ."

ஒரே மூச்சில் அவ்வளவு சொற்களை அவள் அன்னிய ஆணிடம் பேசியது அதுதான் முதல். யாகோப்பு மொழிபெயர்க்க மறந்து நின்றான். துரை அதட்டினார். பிறகு சொன்னான். துரை அவளுடைய கைகளைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் மரத்தில் உராய்ந்து தோல் போயிருந்தன. நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்று தம்பிஐயா கேட்டான்.

"துலா இண்டைக்கே இறங்க வேணும். மரத்தை வெட்டமாட்டினமாம். நிலத்திலை கிடக்கலாமாம்."

"அவர் அதைவிடக் கனக்கவல்லோ சொன்னவர்?"

"ஓம்" என்றான் யாகோப்பு. "மிச்சத்தைத் தமிழிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

பொழுது சாயுமுன் துலாவை இறக்கி வேலியோரம் கிடத்தினார்கள். சந்தனப் பொட்டு அதில் அப்படியே இருந்தது. ஆழ்வாப்பிள்ளை பாதியளவு பொங்கலோடு கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார். பல நாள் அவர் மருமகளோடு கதைக்கவில்லை. தண்ணீர் கேட்பதென்றாலும் மகனிடந்தான் கேட்பார். மகன் பக்கத்தில் இல்லாவிட்டால் செம்பிடம் கேட்பார்.

கிணற்றுக்கு மேலே தாழ்வாக ஒரு குறுக்குத் தடி போட்டுக் கப்பி கட்டினார்கள். துலாவில் ஒரு மிதிக்கு வருகிற தண்ணீருக்குக் கப்பியில் முதுகு முறிய இழுக்க வேண்டும். தம்பிஐயா இழுத்தான். அவன் களைத்தால் மகாதேவி இழுத்தாள். ஒருநாள் அவள் உள்ளங்கைப் புண் வெடித்துக் கயிற்றில் இரத்தம் படிந்தபோது, கிழவர் வந்து ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவளிடமிருந்து பறித்துக்கொண்டார். "போ, தண்ணியை மாறு" என்றார். அதுதான் பொங்கலுக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

எட்டிய மட்டும் இறைத்தார்கள். தெற்குப் பக்கத்துப் பாத்திகள் கண்ணுக்கு முன்னே மஞ்சளாகிக் கருகின. கிணற்றை அண்டிய பாதி தப்பியது. அந்த வருடம் அந்த வீட்டில் புதுச்சேலை இல்லை, கறிக்குத் தேங்காய்ப்பால் விட்ட நாளும் குறைவு. தங்கமுத்து மட்டும் வேலிக்கு மேலால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் தோட்டத்து வெங்காயத்தை அடிக்கடி படலையில் வைத்துவிட்டுப் போனாள்.

விமானங்கள் விடியுமுன் போய்க்கொண்டுதான் இருந்தன. இனி அவற்றை அவள் கவனிக்கத் தேவையில்லை. ஆனாலும் காது கேட்காமல் இருக்குமா? மத்தியானம் திரும்புகிற சத்தத்தில் உலக்கை இரண்டும் விழுகின்றனவா என்று கேட்டுவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள்.

ஒருநாள் யாகோப்பு அந்த வழியால் சைக்கிளில் போகையில் படலையடியில் நின்றான். "அக்கா, அந்தப் பொடியன் பறக்கிறான். சொல்லச் சொன்னவன்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. துரைமார் கப்பலேறினார்கள். திடலில் மாடு மேய்ந்தது. வேலியோரம் கிடந்த மரத்தைத் தம்பிஐயா புரட்டிப் பார்த்தான், கறையான் தொடவில்லை. அயலவரைக் கூட்டித் தூக்கி ஏற்றினான். துலா பழையபடி வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

அடுத்த பொங்கலுக்கு முதல்நாள், கழுவித் திருநீறு பூசிய துலாவுக்குக் கீழே நின்று ஆழ்வாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. ஆறுதலாகத் திரும்பி, மகனிடமல்ல, மருமகளிடம் கேட்டார்:

"என்ன பிள்ளை, நிமிர்த்திவிடலாமோ?"

மகாதேவி காதைத் தீட்டிக்கொண்டாள். வடக்கே திரும்பி நின்றாள். மிஞ்சிய பனைகளில் காற்றுப் போயிற்று. எங்கோ ஒரு வண்டில் மணி கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஓம் மாமா" என்றாள். "கொடியை மட்டும் சுருட்ட வேண்டாம். தொங்கட்டும்."